சுற்றுலாவும் இத்தாலிய உணவகமும்

சுற்றுலா என்றால் மாணவியருக்கு மகிழ்ச்சி, பெற்றோருக்குக் கவலை, அருட்சகோதரியருக்கோ கணக்கும் பொறுப்பும். இம்மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும் இடம் மதியச் சாப்பாடு. எந்த ஆலயத்தைப் பார்ப்பது, எந்தக் கடற்கரையில் இறங்குவது என்பவற்றில் நாங்கள் எளிதில் ஒத்துப்போய்விடுகிறோம். எங்கே உண்பது என்ற கேள்வி எழுந்துவிட்டால் வகுப்பே பல கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறது.

இவ்வாண்டுச் சுற்றுலாவுக்குப் புதுச்சேரி என்று முடிவானபோதும் அப்படியே நடந்தது. தஞ்சையிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை, சிதம்பரம், கடலூர் என்று வயல்களின் ஊடே சென்று கடலைக் காணும் வழி அது. சென்று சேர்ந்ததும் பார்க்க வேண்டியவை பல. ஆயினும் தோழியர் பலரின் மனத்தில் முதலிடம் பெற்றது, கடற்கரைக்கும் பழைய கால்வாய்க்கும் இடையே அமைந்த பிரெஞ்சுப் பகுதியில், ஓர் இத்தாலிய உணவகத்தில் அமர்ந்து பீட்சா உண்பதே. துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி முதலிய தெருக்களைக் கொண்ட அப்பகுதியில் பழைய வீடுகள் பல இன்று உணவகங்களாகவும் தங்கும் விடுதிகளாகவும் மாறியுள்ளன. அவற்றுள் இத்தாலிய உணவு தருபவையும் உண்டு. எதைத் தேர்வது?

கைப்பேசியில் எதற்கு நட்சத்திரம் அதிகமோ, எந்தச் சுவரின் முன் நின்றால் புகைப்படம் அழகாக விழுமோ, அங்கே செல்வோம் என்றனர் ஒரு சாரார். சோற்றுக்குப் பெயர்போன சோழ நாட்டிலிருந்து போய் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தேடுவானேன், புளியோதரை கட்டிக்கொண்டு போவோம் என்றனர் மற்றொரு சாரார். பெற்றோர் சிலரும் இதையே சொன்னார்கள். மூன்றாவது சாரார் ஒன்றுமே பேசவில்லை. அவர்களைப் பற்றிப் பின்னர் கூறுவோம். இக்கட்டுரையை எழுதத் துணிந்ததே அவர்கள் பொருட்டுத்தான்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இத்தாலிய உணவகத்துக்குச் செல்லலாம். அதில் தவறில்லை, நன்மையும் உண்டு. ஆனால் கட்டடத்தின் அழகையும் தெருவின் புகழையும் கண்டு அதைத் தேர்வது சரியன்று. அடுக்களை நேர்மையானதா என்று பார்க்க வேண்டும். எங்களுள் ஒருத்தியும் வெளியே நிற்காமல் எல்லாரும் அமர்ந்து உண்ண முடியுமா என்றும் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் முதலாவதை விடலாம், இரண்டாவதை விடலாகாது.

முதலில் கட்டுச்சோற்றுக் கட்சியினருக்கு விடை கூறுவோம். அயல்நாட்டு உணவு நமக்கு எதற்கு என்பவர்கள் தங்கள் அடுக்களையை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். சாம்பாரில் மிதக்கும் மிளகாயும் ரசத்தில் கரையும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. கும்பகோணத்தில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கடப்பாவில் சேரும் உருளைக்கிழங்கும் அவ்வாறே. அதே கும்பகோணத்தின் பெயரைத் தாங்கி ஊர் ஊராக விற்பனையாகும் காப்பிக்குப் பிறந்த இடம் ஆப்பிரிக்கா. இத்தாலியருக்கும் தக்காளி பாட்டன் வீட்டுச் சொத்தன்று. 1492-ஆம் ஆண்டில் கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்த பின்னரே அது ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆகவே தக்காளியைப் பொறுத்தவரை அவர்களும் நாமும் ஒரே கடையில் கடன் வாங்கியவர்களே.

இத்தாலிக்கும் காவிரி நாட்டுக்கும் உள்ள உறவு பீட்சாவில் தொடங்கியதும் அன்று. கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680-ஆம் ஆண்டில் பிறந்த ஊர், வட இத்தாலியின் மாந்துவா வட்டாரத்திலுள்ள காஸ்திலியோனே. இளைஞரின் பாதுகாவலரான புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அவ்வூரிலேயே. தமிழகம் வந்து வீரமாமுனிவராகிய பெஸ்கி, கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் தங்கித் திருப்பணியும் தமிழ்ப்பணியும் புரிந்தார். 'தேம்பாவணி'யும் 'சதுரகராதி'யும் தந்தார். இத்தாலியர் ஒருவர் நம் மொழியைத் தமதாக்கிக்கொண்டார் என்று விழா மேடைகளில் பெருமை பேசுகிறோம். அவர் பிறந்த நாட்டு உணவை ஒரு வேளை உண்டு பார்க்கவும் மறுத்தால் அப்பெருமைக்குப் பொருள் என்ன?

இன்னொன்றும் உண்டு. அந்த மாந்துவா நெல் விளையும் நாடு. போ என்னும் பேராறு பாயும் வட இத்தாலியச் சமவெளியில் வெர்செல்லி, நோவாரா, பாவியா முதலிய வட்டாரங்களில் வயலில் நீர் கட்டி நெல் பயிரிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் மிகுதியாக நெல் விளைவிக்கும் நாடு இத்தாலியே. டெல்டாவில் பிறந்த நமக்கு இத்தாலிய உணவு முற்றிலும் அந்நியமாகிவிடாது.

அடுத்து, நட்சத்திரக் கட்சியினருக்கு வருவோம். புகழ்பெற்ற தெருவில் இருக்கும் உணவகமெல்லாம் நல்ல உணவகம் ஆகிவிடுமா? இதற்கு நியூயார்க் நகரத்து மல்பெரி தெருவே சான்று. அதுவும் அதன் சுற்றுப்புறமும் 'சின்ன இத்தாலி' என்று பெயர் பெற்றவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிழைப்புத் தேடிக் கப்பலேறிய இத்தாலிய ஏழைகள், காற்றும் வெளிச்சமும் குறைந்த குடியிருப்புகளில் அங்கே நெருக்கியடித்து வாழ்ந்தனர். தங்கள் ஊர்ச் சமையலைத் தங்களுக்காகவே சமைத்தனர். பிள்ளைகள் காலத்தில் வசதி வந்தது. குடும்பங்கள் வேறு பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தன. இன்று அங்கே இத்தாலியர் மிகக் குறைவு. இத்தாலியப் பெயர்ப் பலகைகளும், அவற்றைத் தேடி வரும் சுற்றுலாப் பயணிகளுமே மிகுதி.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. நாளையும் வரப்போகிறவருக்குச் சமைப்பவர் அஞ்சிச் சமைப்பார். இன்று வந்து நாளை ஊர் திரும்புகிறவருக்குச் சமைப்பவருக்கு அந்த அச்சம் இருக்க வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோவிலைக் காண வரும் வெளியூரார் கண்ணில் படும் முதல் கடைக்குள் நுழைவதையும், நம் ஊர் அலுவலகத்தார் இரண்டு தெரு தள்ளி வேறொரு மெஸ்ஸுக்கு நடப்பதையும் நாம் நாள்தோறும் காண்கிறோம் அல்லவா? புதுவையிலும் அப்படித்தான் இருக்கும். மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் பார்க்க அழகாயிருக்கலாம்; ஆனால் அந்த வீட்டின் வாடகையையும் பராமரிப்பையும் உண்பவரே சுமக்கிறார். ஆகவே கைப்பேசியைக் கேட்பதற்கு முன் அவ்வூரில் வாழ்பவர்களைக் கேட்பது நலம். அங்குள்ள கன்னியர் மடங்களிலும் பள்ளிகளிலும் விசாரித்தால், உள்ளூர்க் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கே உண்கின்றன என்று சொல்ல மாட்டார்களா?

இனி, அடுக்களை நேர்மையானது என்பதை எப்படி அறிவது? சமையல் அறிந்த நம் அன்னையர்க்கு இது கடினமன்று. நம் வீட்டுக்குரிய அளவுகோலே போதும்.

முதலாவது, உணவுப் பட்டியல் குறுகியதாக இருக்க வேண்டும். இத்தாலிய உணவு, சீன உணவு, பஞ்சாபி உணவு என்று நூற்றுக்கணக்கில் அடுக்கியிருக்கும் இடத்தில் எதுவும் புதிதாகச் சமைக்கப்படுவது அரிது. இத்தாலியில் 'த்ராத்தோரியா' எனப்படுபவை ஆடம்பரமற்ற, பெரும்பாலும் குடும்பமாக நடத்தும் உணவகங்கள். நம் மெஸ்ஸுக்கு ஒப்பானவை அவை. அன்று சமைத்த சில வகைகளையே நன்றாகத் தருவது அவற்றின் வழக்கம்.

இரண்டாவது, மாவைப் பற்றிக் கேட்க வேண்டும். இட்லி மாவு இரவெல்லாம் புளித்தால்தான் காலையில் இட்லி பூப்போல வரும். பீட்சா மாவும் அவ்வாறே பல மணி நேரம் புளிக்க வேண்டும். கோதுமை மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கே அதற்கு வேண்டியவை. நேப்பிள்ஸ் நகரத்தில் ஏழைகளின் உணவாகத் தோன்றிய அந்தப் பீட்சாவைச் செய்யும் கலையை 2017-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. விறகு அடுப்பின் கடும் வெப்பத்தில் அது ஏறத்தாழ 90 வினாடிகளில் வெந்துவிடும். "மாவு இங்கேயே பிசைந்ததா? எப்போது பிசைந்தீர்கள்?" என்று கேட்டால் நல்ல சமையற்காரர் முகம் மலர்ந்து விடை கூறுவார். விடை கூறத் தயங்குகிறவரிடம் வேறெதுவும் கேட்க வேண்டியதில்லை.

மூன்றாவது, அரிசியையே தேர்வுக்கு வைக்கலாம். ரிசோத்தோ என்பது இத்தாலியரின் அரிசி உணவு. ஆர்போரியோ, கார்னரோலி போன்ற குண்டு ரகங்களைக் கழுவாமல் வெண்ணெயில் வதக்கி, கொதிக்கும் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறிக்கொண்டே இருப்பார்கள். அரிசியின் மாவுச்சத்து கரைந்து குழைய வேண்டும். ஆனால் பருக்கையின் நடுவில் சிறிது உறுதி எஞ்ச வேண்டும். சோற்றுக்குப் பொன்னி, இட்லிக்குக் குண்டரிசி, பொங்கலுக்குப் பச்சரிசி என்று பிரித்தறியும் நாட்டில் பிறந்த நமக்கு இந்த நுட்பத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. புழுங்கலரிசிச் சோற்றில் பாலேட்டைக் கலந்து ரிசோத்தோ என்று கொடுத்தால், தஞ்சைப் பெண்கள் கண்டுபிடித்துவிடுவோம்!

நான்காவது, கேட்டதற்கு மறைக்காமல் விடை தருகிறார்களா என்று பார்க்க வேண்டும். எங்கள் வகுப்பில் மூன்று சமயத்தாரும் இருக்கிறோம். சைவ உணவு உண்போர் உண்டு. பன்றி இறைச்சியைத் தொடாதவர்கள் உண்டு. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை ஒறுப்போரும் உண்டு. பீட்சாவின் மேல் பரப்பும் இறைச்சி வகைகள் பலவற்றில் பன்றி இறைச்சி சேரும். இத்தாலியின் புகழ்பெற்ற பார்மிஜானோ பாலாடைக்கட்டி, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் பாலை உறையச் செய்து ஆக்கப்படுவது. எனவே அது முழுச் சைவம் ஆகாது. நம் நாட்டில் பச்சைப் புள்ளி இட்டு விற்கப்படும் பாலாடைக்கட்டிகளில் இந்தச் சிக்கல் இல்லை. "எல்லாம் வெஜ்தான் அம்மா" என்று போகிற போக்கில் சொல்லிவிடும் இடத்தை விட, உள்ளே போய்க் கேட்டு வந்து சொல்லும் இடம் மேல். மதுக்கூடத்தோடு சேர்ந்த உணவகங்கள் புதுவையில் பல உண்டு. அவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதில் பெற்றோருக்கும் எங்களுக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

இப்போது, பேசாதிருந்த தோழியரிடம் வருவோம். இரு கட்சியாரும் வாதிட்டு ஓய்ந்த பிறகு அவர்களுள் ஒருத்தி, "எனக்கு மத்தியானத்தில் பசிக்காது, நான் பேருந்திலேயே இருந்துகொள்கிறேன்" என்றாள். வேறொருத்திக்கு வெளி உணவு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதாம். காலையிலிருந்து கடற்கரையில் நடந்த பெண்ணுக்கு மதியம் பசிக்காது என்பதை யார் நம்புவார்? ஆனால் அந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்வது மற்றவர்களுக்கு வசதியாக இருக்கிறது. சுற்றுலா தோறும் இப்படி இரண்டு மூன்று பேருக்குப் பசியில்லாமல் போகிறது. வயிறு சரியில்லாமல் போகிறது. எப்போதும் அவர்களுக்கே அவ்வாறு நேர்வது ஏன் என்று நாம் கேட்பதில்லை.

கணக்கைப் பார்ப்போம். ஒரு பீட்சா 500 ரூபாய் என்று கொள்வோம். சாதாரண உணவகங்களில் 5 விழுக்காடு வரி சேர்ந்து 525 ஆகும். 2025–26-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 336 ரூபாய். தாய் ஒன்றரை நாள் வெயிலில் குனிந்து ஈட்டுவது மகளின் ஒரு வேளைப் பீட்சா ஆகிறது. அதை வீட்டில் கேட்க மனம் வராமல்தான் அவள் பசியில்லை என்கிறாள். அவள் கூறியது பொய்யென்றால், அந்தப் பொய்யைக் கூற வைத்தவர்கள் நாங்கள்.

ரிசோத்தோவின் அரிசிக்குப் பின்னாலும் இத்தகைய தாய்மார்கள் இருந்தார்கள். போ ஆற்றுச் சமவெளியில் நாற்று நடவும் களை எடுக்கவும் ஆண்டுதோறும் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தனர். 'மோந்தினே' என்பது அவர்களின் பெயர். முழங்கால் அளவு நீரில் நின்று, நாள் முழுதும் குனிந்து, கொசுக்கடியைத் தாங்கி வேலை செய்தனர். 1906-ஆம் ஆண்டில் வெர்செல்லி வட்டாரத்தில் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடினர். களைக்கொல்லியும் இயந்திரமும் வந்த பின்னரே அவர்கள் வயலை விட்டு நீங்கினர். நம் டெல்டாவில் நடவுக்கும் களைக்கும் போகும் பெண்களை அறிந்த எவரும் அவர்களை அடையாளம் கண்டுகொள்வார்கள். நெல்லை நட்டவளின் மகள் வாசலில் நிற்க, மற்றவர்கள் உள்ளே அமர்ந்து அரிசி உணவின் சுவையைப் புகழ்வது முறையாகுமா?

உண்ணும் இடத்தில் சிலர் உள்ளேயும் சிலர் வெளியேயும் நிற்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. நாங்கள் செல்லவிருக்கும் புதுச்சேரியே கால்வாயின் ஒரு புறம் வெள்ளையர் நகரம், மறு புறம் கறுப்பர் நகரம் என்று பிரிக்கப்பட்ட ஊர். இறைவன் இல்லத்துக்குள்ளும் அப்பிரிவு இருந்தது. அங்குள்ள சம்பா கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறித்தவரைத் தனியே ஒதுக்க எழுப்பிய சுவரைப் பற்றி 1745-ஆம் ஆண்டில் எழுந்த பூசலை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். காப்பி ஹோட்டல்களிலும் சாதிக்கு ஓர் இடம் இருந்த காலம் உண்டு. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, சாதி, சமயம் முதலியவற்றைக் காரணம் காட்டி உணவகத்துக்குள் எவரையும் தடுக்கலாகாது என்று விதித்தது. அதற்குப் பின்னும், சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பெயர்ப் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரித் திராவிடர் கழகத்தார் 1957-இல் மறியல் செய்ய வேண்டியிருந்தது.

அந்தச் சுவர்கள் இடிந்தன, பலகைகள் மாறின. இன்று எங்களை யாரும் சாதி கேட்டு வாசலில் நிறுத்தப் போவதில்லை. ஆனால் விலைப்பட்டியல் அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. சட்டம் அதைத் தடுக்காது. தோழியராகிய நாம்தான் தடுக்க வேண்டும்.

எப்படி? எங்கள் யோசனைகள் எளியவை. ஆண்டுத் தொடக்கத்திலேயே வகுப்பில் ஓர் உண்டியல் வைப்போம். இயன்றதை இயன்றபோது போடுவோம். யார் எவ்வளவு போட்டார் என்று பெயர் எழுதப்படாது. உண்டியலில் சேர்ந்த தொகைக்குள் உணவகத்தைத் தேர்வோம். உணவகத்தைத் தேர்ந்துவிட்டுத் தொகை வசூலிக்க மாட்டோம். ஆளுக்கொரு பீட்சா வேண்டாம். மூவருக்கு ஒன்று, அதோடு ஒரு தட்டுப் பாஸ்தா, ஒரு தட்டு ரிசோத்தோ என்று நடுவில் வைத்துப் பகிர்வோம். அதனால் செலவு குறையும்; எல்லாவற்றையும் எல்லாரும் சுவைக்கவும் முடியும். முன்னதாகத் தொலைபேசியில் பேசி, எத்தனை பேர், என்ன விலை, எது சைவம் என்று உறுதி செய்துகொள்வோம். சேவைக் கட்டணத்தைத் தானாகவே பில்லில் சேர்க்கலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் நெறிமுறை வகுத்தது. தில்லி உயர்நீதிமன்றம் 2025-இல் அதை உறுதி செய்தது. அதையும் அறிந்து செல்வோம். இவ்வளவும் பொருந்தும் இத்தாலிய உணவகம் கடற்கரையை ஒட்டிய அழகிய தெருவில் இல்லாமல், கால்வாய்க்கு இப்பால் ஒரு சாதாரணத் தெருவில் இருந்தால் அங்கேயே செல்வோம்.

எங்கும் பொருந்தவில்லையானால்? அப்போது கட்டுச்சோற்றுக் கட்சியாரே வென்றவர்கள். கடற்கரையில் வட்டமாக அமர்ந்து அனைவரும் புளியோதரை உண்போம். பீட்சாவை இன்னோர் ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். பள்ளிப் பருவம் முடிந்தபின் இதே தோழியர் அனைவரும் ஒரு பந்தியில் அமர்வது எளிதாக வாய்க்கப்போவதில்லை.

பெற்றோர்களே, மகளிடம் பணம் கொடுக்கும்போது, "உனக்கு மட்டுமா, உண்டியலுக்குமா?" என்று ஒரு சொல் கேளுங்கள். அருட்சகோதரியரே, அடுத்த ஆண்டு முதல் இந்த உண்டியலை ஒவ்வொரு வகுப்பிலும் வைக்க அனுமதி தாருங்கள். தோழியரே, உங்களருகில் ஒருத்தி பசியில்லை என்று சொன்னால் ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள். பிறகு அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் செல்லுங்கள்.

— மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவியர்